பவளத் தொட்டியின் துப்புரவாளர்கள்: நண்பர்களா, பகைவர்களா?

தேக்கா சந்தையின் மீன் கடைகளில் கொடுக்குகள் கட்டப்பட்ட நண்டுகளைப் பார்க்கிறோம். அங்கே அவை உணவு. ஆனால் வீட்டில் பவளத் தொட்டி வைத்திருப்போருக்கு நண்டு, நத்தை, கடலட்டை போன்ற முதுகெலும்பற்ற உயிரினங்கள் சம்பளம் கேட்காத துப்புரவாளர்கள். இவற்றை நம்பித் தொட்டிக்குள் விடலாமா?

மிஞ்சிய உணவும் இறந்த மீனும் அழுகினால் அம்மோனியா உண்டாகும். அது மீன்களுக்கு நஞ்சு. அழுகும் முன்பே அவற்றைத் தின்று தீர்ப்பது இவ்வுயிரினங்களின் பணி. எனினும் அவையும் கழிவை வெளியேற்றுவதால், தொட்டி நீரை மாற்றும் வேலை நமக்கு மிச்சமாகாது.

கழிவை மட்டுமே தின்பதென்று இவை விரதம் பூண்டவை அல்ல. கிடைத்ததைத் தின்பதே இவற்றின் இயல்பு. சங்குக்குள் வாழும் துறவி நண்டு, வளர வளரப் பெரிய ஓடு தேடும். கிடைக்காவிட்டால் நத்தையைக் கொன்று அதன் ஓட்டில் குடியேறும். பல அளவுகளில் காலி ஓடுகளைப் போட்டு வைத்தால் இந்தச் சண்டை குறையும். மெல்லிய ஐந்து கைகள் கொண்ட நொறுங்கு நட்சத்திரங்களில் சிறியவை சாதுவானவை. பெரிய பச்சை வகையோ, இரவில் உடலை உயர்த்திப் பந்தல்போல் நின்று, அடியில் ஒதுங்கும் சிறு மீனை வளைத்துப் பிடித்துவிடும்.

மன்னார் வளைகுடா மீனவர்கள் நன்கறிந்தது கடலட்டை. அதைப் பிடிக்க இந்தியா 2001இல் தடை விதித்தது. மணலை விழுங்கிச் சுத்தம் செய்யும் இந்தச் சாது, நீரிறைக்கும் பம்பில் சிக்கி நசுங்கினால் நஞ்சை வெளியிட்டுத் தொட்டி மீன்களையே கொல்லக்கூடும். ஆகவே பம்பின் வாயில் வலை பொருத்துவது அவசியம்.

நாம் வாங்காத விருந்தாளிகளும் உண்டு. 2009இல் இங்கிலாந்தின் நியூகீ நகரக் காட்சியகம் ஒன்றில் பவளங்கள் துண்டாடப்பட்டும் மீன்கள் காயப்பட்டும் கிடந்தன. தொட்டியைப் பிரித்தபோது நான்கடி நீளப் பாபிட் புழு ஒன்று வெளிப்பட்டது! உயிர்ப்பாறையோடு சிறு புழுவாக வந்து வளர்ந்திருக்க வேண்டும் என்று கருதப்பட்டது. பாறையைத் தனி வாளியில் சில வாரங்கள் வைத்து, இரவில் விளக்கடித்துப் பார்ப்பது நல்லது.

சரி, அவற்றுக்கு நாம் பாதுகாப்பானவர்களா? மீன் நோய்க்கு ஊற்றும் செம்பு கலந்த மருந்து, மீனைக் காப்பாற்றினாலும் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். நோயுற்ற மீனைத் தனித் தொட்டியில் வைத்தே சிகிச்சை அளிக்க வேண்டும். தொட்டி மிகச் சுத்தமாகிவிட்டாலோ துப்புரவாளர்கள் பட்டினி கிடப்பர். பவளங்களையும் சீண்டத் தொடங்குவர். முதலில் சிலவற்றை மட்டும் விடுங்கள். தேக்காவில் வாங்கும் இறாலில் ஒரு சிறு துண்டு அவ்வப்போது போதும்.

வேண்டாமென்றால் கடலில் விட்டுவிடாதீர்கள். சிங்கப்பூர்க் கடலில் 250க்கும் மேற்பட்ட கல்பவள வகைகள் உள்ளன. தொட்டியில் ஓர் உயிர் செய்யும் சேதத்தை நாம் நிறுத்தலாம். கடலுக்குள் போய்விட்டால் அதைத் தேடிப் பிடிக்க எவராலும் இயலாது.