முதலில் இருநூறு, பிறகு 287

"அமைதிப்படையா? அது சத்யராஜ் படம்லா?"

தெற்கு சூடானுக்கு ஐ.நா. அமைதிப்படையோடு வேலைக்குப் போகிறேன் என்று சொன்னதும் சித்தப்பா கேட்ட முதல் கேள்வி இது. அம்மாவின் கவலை வேறு. "ஏட்டி, துப்பாக்கி கிப்பாக்கி தருவாங்களா?" தரமாட்டாங்கம்மா, நோட்டும் பேனாவும்தான் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "சண்டை நடக்கிற ஊருக்கு நோட்டோட போயி என்ன செய்யப் போறே?"

பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஐ.நா. கொடுத்த தடித்தடியான பயிற்சிக் கையேடுகளில்கூட யாரும் இவ்வளவு நேரடியாகக் கேட்டு நான் பார்க்கவில்லை.

பதவியின் பெயர் மனித உரிமைக் கண்காணிப்பாளர். பாளையங்கோட்டை கோர்ட்டில் ஜாமீன் மனு போட்டுக்கொண்டிருந்தவளுக்கு ஒரு நீலத் தொப்பி, ஒரு ரேடியோ, ஒரு குண்டு துளைக்காத அங்கி (எனக்கு இரண்டு சைஸ் பெரிசு), ஒரு கட்டு நோட்டுப் புத்தகம் கொடுத்து அனுப்பினார்கள். அமைதிப்படை என்றால் எல்லாரும் சிப்பாய்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சீருடைக்காரர்களுக்குப் பின்னால் எங்களைப் போல ஒரு சிவிலியன் கூட்டமும் உண்டு. சிப்பாய் காவல் நிற்பார். நாங்கள் போய்க் கேட்போம், எழுதுவோம். அந்த எழுத்து இரண்டு இடத்துக்குப் போகும். ஒன்று, அந்த நாட்டில் படையை நடத்தும் தலைமைக்கு. இன்னொன்று, ஜெனீவாவில் உள்ள ஐ.நா. மனித உரிமை ஆணையருக்கு. அப்போது அந்த நாற்காலியில் இருந்தவர் நவநீதம் பிள்ளை. தென்னாப்பிரிக்காவில் டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண்மணி. "நம்மாளுதானா! அப்போ பிரமோஷனுக்குச் சொல்லி வைக்கலாமே" என்றார் சித்தப்பா. அந்த அம்மாளை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

தெற்கு சூடான் 2011 ஜூலை 9-ஆம் தேதி பிறந்த நாடு. இரண்டரை வயது முடிவதற்குள், 2013 டிசம்பர் 15 ராத்திரி, தலைநகர் ஜூபாவில் ஜனாதிபதியின் காவல் படைக்குள்ளேயே சண்டை வெடித்தது. ஒரு பக்கம் ஜனாதிபதி சல்வா கீர், டிங்கா இனம். மறுபக்கம் அவரிடம் துணை ஜனாதிபதியாக இருந்து அந்த வருஷம் நீக்கப்பட்ட ரீக் மச்சார், நூயர் இனம். சில நாட்களில் போர், பெந்தியு, மலக்கால் என்று ஊர் ஊராகப் பரவிவிட்டது. ஆமாம், 'போர்' என்றே அங்கே ஓர் ஊர் உண்டு. நம் பாஷையில் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் அங்கே யாரிடமும் சொல்லவில்லை. ஜனங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஐ.நா. முகாம்களின் வாசலுக்கு ஓடி வர, கதவுகள் திறந்தன. சில மாதங்களுக்குள் அறுபதாயிரம் பேருக்கும் மேல் வேலிக்கு உள்ளே.

முதல் சில வாரங்கள் என்னை வேறொரு சிறிய ஊரில் போட்டார்கள். அங்கே வேலை, போலீஸ் ஸ்டேஷன் லாக்கப்பைப் போய்ப் பார்ப்பது. உள்ளே ஒரு பையன். என்ன குற்றம்? அவன் ஒன்றும் செய்யவில்லை. அவன் அண்ணன், மாடு கொடுக்காமல் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடிவிட்டான். அண்ணன் கிடைக்கும்வரை தம்பி உள்ளே!

"சட்டத்தில் இதற்கு இடமே இல்லையே ஸார்" என்றேன்.

"இல்லைதான். பொண்ணோட அப்பன் வெளியில உட்கார்ந்திருக்கான். அவன்கிட்ட நீங்களே சொல்லிடுங்களேன்" என்றார் அதிகாரி. கெட்டவரில்லை. பையனை வெளியே விட்டால் அடித்துக் கொன்றுவிடுவார்களோ என்ற பயமும் அவருக்கு இருந்தது. நான் எழுதிக்கொண்டேன். அடுத்த வாரம் போனேன், அதே பையன். அதற்கடுத்த வாரம் நான் ஜீப்பை விட்டு இறங்குவதைப் பார்த்ததுமே, "விட்டாச்சு, விட்டாச்சு" என்று கையை ஆட்டினார். இந்த வேலையில் பாதி வெற்றி இப்படித்தான். சட்டத்துக்குப் பயந்து அல்ல, மறுபடியும் மறுபடியும் வந்து நிற்கிறாளே என்கிற சலிப்பில்!

2014 மே மாதம் என்னைப் பெந்தியுவுக்கு அனுப்பினார்கள். அங்கே சிரிப்பதற்கு அதிகம் இல்லை.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் தெரியுமல்லவா? அதே கறுப்பு மண். மழை விழுந்தால் பூட்ஸை மண் பிடித்து வைத்துக்கொள்ளும், கால் மட்டும் வெளியே வரும். அந்த மழைக்காலத்தில் முகாமுக்குள்ளேயே முழங்கால் அளவு தண்ணீர். தாய்மார்கள் ராத்திரி முழுக்கப் பிள்ளைகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஐ.நா. வண்டி என்றால் சோளம் வருகிறது என்று அர்த்தம். என் வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடும். நோட்டோடு நான் இறங்கியதும் கலைந்துவிடும். எனக்கே வெட்கமாக இருக்கும்.

நான் போவதற்கு ஒரு மாதம் முன்னால், ஏப்ரல் 15-ஆம் தேதி, மச்சார் பக்கத்துப் படை பெந்தியுவைப் பிடித்திருந்தது. பயந்த ஜனங்கள் ஆஸ்பத்திரி, சர்ச், மசூதி என்று ஒதுங்கியிருந்தார்கள். காலி-பாலி மசூதிக்குள் இருந்தவர்களில் பலர் சூடானின் டார்ஃபூர் பகுதியிலிருந்து வந்து கடை வைத்திருந்த வியாபாரிகள். படையினர் உள்ளே புகுந்து, யார் எந்த இனம், எந்த ஊர் என்று பிரித்தார்கள். பிரித்து, சுட்டார்கள். உள்ளூர் ரேடியோவிலேயே வெறுப்புப் பேச்சு ஒலிபரப்பானது. அந்த வாரமே ஐ.நா. அறிவித்தது: மசூதியில் இருநூறு பேருக்கு மேல் கொலை, நானூறு பேருக்கு மேல் காயம்.

'இருநூறுக்கு மேல்' என்றால் எத்தனை? அதைக் கண்டுபிடிப்பதில்தான் எங்களில் பலருக்கு அடுத்த பல மாதங்கள் போயின.

எண்ணுவது சுலபம் என்றுதான் நானும் நினைத்தேன். ஒருவர் ஐம்பது என்பார், பக்கத்தில் இருந்தவர் ஐந்நூறு என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பிணத்துக்கு அடியில் படுத்து உயிர் தப்பியவருக்கு எண்ணவா தோன்றும்? "உங்கள் கண்ணால் பார்த்தீர்களா, யாராவது சொன்னார்களா?" என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கேட்க வேண்டும். தேதி கேட்டால் மழையை வைத்துச் சொல்வார்கள், எங்கள் ஆச்சி 'புயலடிச்ச வருஷம்' என்று சொல்வதுபோல. மசூதியின் படத்தைத் தரையில் குச்சியால் போடச் சொல்லி, யார் எந்த மூலையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்பேன். ஒரு வியாபாரிக்கு வீட்டில் ஒரு பெயர், கடைவீதியில் ஒரு பெயர், கூட்டாளிகள் கூப்பிடுவது ஒரு பெயர். மூன்றையும் மூன்று ஆள் என்று எழுதிவிட்டால் நாளைக்குக் கொன்றவன் தரப்பு வந்து "பார், பொய்க்கணக்கு" என்று மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிடுவான். அதனால் சந்தேகம் வந்த பெயரை அடித்துவிடுவோம். ஒரு மனிதரைப் பேனாவால் அடிப்பது எப்படியிருக்கும் என்று கேட்காதீர்கள். எங்கள் தொழிலில் எண்ணுக்கு முன்னால் 'குறைந்தது' என்ற வார்த்தை ஒட்டிக்கொண்டே வரும். நாங்கள் அடித்த பெயர்களெல்லாம் அந்த வார்த்தைக்குள்தான் இருக்கின்றன.

அந்தப் பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். விவரங்களைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். நூயர் பெண். புருஷன் டார்ஃபூர்க்காரர், சர்க்கரை, சோப்பு விற்கிற சின்னக் கடை. அவர் மசூதிக்குள் போனார், வரவில்லை. இவள் இரண்டு பிள்ளைகளோடு முகாமில், கொன்றவர்களை வீரர்கள் என்று நினைக்கிற சிலருக்கு நடுவில்.

ஒரு தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, பெண் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் பேசினோம். ஆரம்பத்திலேயே சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: பணம் தர முடியாது, சோளம் தர முடியாது, யாரையும் கைது செய்ய முடியாது, உங்கள் பெயர் வெளியே வராது.

"அப்போ எதுதான் முடியும்?" என்றாள். அம்மாவின் கேள்விதான், வேறு பாஷையில்.

"நடந்தது நடந்ததுன்னு எழுத முடியும். பின்னால யாரும் நடக்கவே இல்லைன்னு சொல்ல முடியாதபடி."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை நான் செய்த தப்பை இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசுகிறது. தண்ணீர்க் குழாயடியில் பெரிய வரிசை. நடுவில் அவள். தெரிந்த முகம் பார்த்த சந்தோஷத்தில் நம்ம ஊர்ப் பழக்கமாய்க் கையைத் தூக்கி ஆட்டிவிட்டேன், நீலத் தொப்பியோடு! வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. பிறகு அவளைப் பார்த்தது. அவள் குடத்தைக் கீழே பார்த்துக்கொண்டே நின்றாள்.

அன்று சாயங்காலம் மூன்று ஆட்கள் அவள் கூடாரத்துக்கு வந்து, "அந்த வெளிநாட்டுக்காரிக்கு உன்னை எப்படித் தெரியும்?" என்று கேட்டிருக்கிறார்கள். சோள அட்டை விஷயமாகப் பேசினேன் என்று சமாளித்தாளாம். மொழிபெயர்ப்பாளர் வந்து சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. மேலதிகாரியிடம் ஒளிக்காமல் சொன்னேன். முகாமின் இன்னொரு பகுதிக்கு, வேறு பத்துக் குடும்பங்களோடு சேர்த்து, சந்தேகம் வராதபடி அவளை மாற்ற எட்டு நாள் ஆனது. அந்த எட்டு ராத்திரியும் நான் கண்டெய்னர் அறையில் முழித்துக்கொண்டு, வெளியே எழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

அதன் பிறகு பழகியவர்களைத் தெரியாதவர்களைப் போலக் கடந்து போகக் கற்றுக்கொண்டேன். ஊருக்கு லீவில் வந்தபோது கடைவீதியில் எதிரே வந்த அத்தையைப் பார்த்தும் பார்க்காமல் போய்விட்டேன் என்று பெரிய சண்டையே வந்தது!

2015 ஜனவரியில் அறிக்கை வெளியானது. மசூதியில் குறைந்தது 287 பேர். பெந்தியு ஆஸ்பத்திரியில் குறைந்தது 19. இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 17-ஆம் தேதி, போர் ஊரில் ஐ.நா. முகாமுக்குள்ளேயே புகுந்து கொல்லப்பட்டவர்கள் குறைந்தது 47. அது எதிர்ப்பக்கத்துக் கும்பல், கொல்லப்பட்டவர்களில் பலர் நூயர்கள். இரண்டு தரப்பையும் ஒரே அறிக்கையில் எழுதியதில் இரண்டு தரப்புக்குமே கோபம். எனக்கு அதில் ஒரு திருப்தி.

குற்றவாளிகள்? 2015 ஆகஸ்ட் சமாதான ஒப்பந்தத்தில் ஆப்பிரிக்க யூனியனோடு சேர்ந்து ஒரு விசேஷக் கோர்ட் அமைப்பதாக எழுதினார்கள். 2018 ஒப்பந்தத்தில் மறுபடி எழுதினார்கள். நான் இதை எழுதும்வரை அந்தக் கோர்ட்டில் ஒரு நாற்காலி போடவில்லை.

அறிக்கை வந்த சில நாளில் அவளைப் பார்த்தேன். இந்தத் தடவை தொப்பி இல்லாமல், பெண்கள் கூட்டம் ஒன்றுக்கு எல்லாரும் வருகிற சாக்கில். அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. எண் தெரியும், கடைக்காரன் பெண்டாட்டி அல்லவா.

"முதல்ல இருநூறுன்னு ரேடியோவுல சொன்னாங்க" என்றாள்.

"ஆமா."

"அந்த இருநூறுல அவர் இருந்தாரா? இல்ல, நான் சொன்ன பிறகு சேர்த்தீங்களா?"

அவர் பட்டியலில் அடிபடாமல் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். முதல் இருநூறு யாரோ ஒருவரின் அவசரக் கணக்கு, அதில் எந்தப் பெயரும் இல்லை என்பதையும் சொன்னேன்.

"அப்போ நான் சொன்ன பிறகுதான்" என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

அந்தத் தாளைத் தரச் சொன்னாள். தர முடியாது, உன் கூடாரத்தில் யாராவது பார்த்தால் ஆபத்து என்றேன். சரி என்று தலையாட்டினாள். பெரிய பையனைக் கூப்பிட்டு, அந்த எண்ணை அவனுக்கு ஒரு தடவை காட்டச் சொன்னாள். காட்டினேன். அவன் வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தான். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் தண்ணீர் வரிசைக்குப் போனார்கள்.