பனிக்காலத்தில் முந்திரிகையும் உருளைக்கிழங்கும்

அடைமழை ஓய்ந்து மார்கழி நடுப்பகுதி வந்ததும் எமது தோட்டங்களில் இன்னொரு கவலை தொடங்குகிறது. விடியற்காலையில் இலைகளெல்லாம் தண்ணீர் தெளித்தாற்போல நனைந்திருக்கும். வெயில் ஏறி எட்டு, ஒன்பது மணியான பின்பே அவை உலரும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சொல்லிவைத்தது இந்தக் காலத்தைத்தான்.

சொந்தக் காணியை விட்டு வந்து, பிறர் காணியில் குத்தகைக்குத் தோட்டம் செய்யும் குடும்பங்களுக்கு இந்த இரண்டு மாதங்களும் சோதனையானவை. கடன்பட்டு வாங்கிய விதைக்கிழங்கு முளைத்துத் தழைத்த பின் ஒரு கிழமைக்குள் கருகிப்போனால், திரும்ப நடுவதற்குக் கையில் ஒன்றும் இராது. ஆகவே, வெளிநாட்டிலிருந்து எம்மிடம் வந்த இரண்டு பயிர்களை, அதாவது முந்திரிகையையும் உருளைக்கிழங்கையும், இந்தக் குளிர்காலத்தில் காப்பது எவ்வாறு என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

குளிரா, ஈரமா?

நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் சில நாட்களில் துகள் பனி படிகிறது. இலைகளின் மேல் நீர் உறைந்து, தேயிலைக் கொழுந்தும் மரக்கறிச் செடிகளும் தீப்பட்டதுபோலக் கருகுகின்றன. யாழ்ப்பாணத்தில் அவ்வாறு நடப்பதில்லை. இங்கு தை மாத இரவுகளில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவதில்லை. அந்தக் குளிர் முந்திரிகையையோ உருளைக்கிழங்கையோ கொல்லாது. உருளைக்கிழங்கு தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைகளில் பிறந்த பயிர். இரவு குளிர்ந்தால்தான் அது நன்றாகக் கிழங்கு வைக்கும். கார்த்திகை, மார்கழியில் நட்டு மாசி, பங்குனியில் கிண்டுவதன் காரணமும் இதுவே.

அப்படியானால் செடி ஏன் கருகுகிறது? இலையில் மணிக்கணக்காகத் தங்கும் ஈரமே காரணம். பங்கசு போன்ற நுண்ணுயிர்களின் வித்திகள் காற்றிலும் மழைத்துளியிலும் வந்து இலையில் விழுகின்றன. இலை உலர்ந்திருந்தால் அவை பெரும்பாலும் மடிந்துவிடும். இரவு முழுவதும் நனைந்திருந்தால் முளைத்து உள்ளே புகுந்துவிடும். எனவே எமது வேலை செடியைச் சூடாக வைத்திருப்பதல்ல, உலர்வாக வைத்திருப்பதே.

இதை நாம் பட்டே அறிந்தோம். ஒரு மார்கழியில், குளிர் படக்கூடாது என்று எண்ணி, முந்திரிகைக் கன்றுகளைப் பொலித்தீனால் இறுக மூடி வைத்தோம். பத்து நாட்களில் பொலித்தீனின் உட்புறமெல்லாம் நீர்த்துளிகள். இலைகள் பழுத்து உதிர்ந்தன. மூடாமல் வேலியோரத்தில் விட்ட கன்றுகளே தப்பின.

பனி எப்படி வருகிறது?

பனி மழையைப்போல மேலிருந்து விழுவதில்லை. முகில் இல்லாத இரவில், இலையிலுள்ள வெப்பம் திறந்த வானத்தை நோக்கி வெளியேறுகிறது. இலை சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோக, காற்றிலுள்ள நீராவி அதன்மேல் துளியாகப் படிகிறது. முகில் மூடிய இரவில் பனி குறைவாயிருப்பதும், மாமரத்தின் கீழ் நிற்கும் செடி நனையாதிருப்பதும் இதனாலேயே. செடிக்கும் வானத்துக்கும் இடையில் ஒரு கூரை இருந்தால் போதும். அது இலையைத் தொடக்கூடாது. பக்கங்களும் திறந்திருக்க வேண்டும்.

நாற்றுமேடைக்கும் பைக்கன்றுகளுக்கும் நான்கு தடி நட்டு, மூன்றடி உயரத்தில் கிடுகு அல்லது பனையோலைத் தட்டி ஒன்றைப் பரப்பினால் இது நிறைவேறும். மாலையில் தட்டியைப் போட்டு, காலையில் வெயில் பட்டதும் எடுத்துவிட வேண்டும். பகலிலும் விட்டுவைத்தால் கன்று வெளிறி நீளும்.

வாடைக்காற்று வீசும் வடக்குப் பக்கத்துக்கு வேலி தேவை. ஆனால் கிழக்குப் பக்கம் வெளியாக இருக்கட்டும். காலை வெயில் ஒரு மணி நேரம் முந்திப் பட்டால் இலை ஒரு மணி நேரம் முந்தி உலரும். கிழக்கு வேலியில் கிளுவையோ சீமைக்கிளுவையோ அடர்ந்து நின்றால், மார்கழிக்கு முன் கொப்புகளை வெட்டிவிடுங்கள். குழை பசளைக்கு உதவும்.

முந்திரிகை

வலிகாமத்துச் செம்மண் ஊர்களில் முந்திரிகைப் பந்தல் பழகிய காட்சி. இங்கு கூடுதலாகக் காணப்படுவது 'இஸ்ரேல் புளூ' இனம். கோடையில் மழை குறைந்த நாடுகளில் பழகிய கொடியாதலால் எமது மாரி இதற்கு ஒத்துவருவதில்லை. இலையின் மேற்புறத்தில் எண்ணெய் பட்டதுபோன்ற மஞ்சள் புள்ளியும், அதே இடத்தின் கீழ்ப்புறத்தில் வெண்ணிறப் பூஞ்சணமும் தெரிந்தால் அது கீழ்ப்பூஞ்சண நோய். பூங்கொத்தில் இறங்கினால் அந்தப் போகம் போய்விடும்.

முதலாவது காப்பு, கத்தரிக்கும் காலத்தைத் தெரிவதாகும். கத்தரித்து இரண்டு கிழமைக்குள் தளிர் விடும். அதன்பின் பூ வரும். புரட்டாதியில் கத்தரித்தால் இளந்தளிரும் பூவும் ஐப்பசி மழைக்குள் அகப்படும். மழை முற்றாக ஓயும் வரை பொறுத்துக் கத்தரித்தால், பனியை மட்டும் சமாளித்தால் போதும். பந்தலில் நெருங்கிய கொடிகளை விலக்கிக் கட்டி, காற்றும் வெயிலும் உள்ளே போக வழிசெய்யுங்கள். உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரித்துவிடுங்கள். அடுத்த நோய் அங்கிருந்துதான் கிளம்பும்.

உருளைக்கிழங்கு

1845இல் அயர்லாந்தில் ஒரு வெளிறல் நோய் உருளைக்கிழங்குத் தோட்டங்களை அழித்தது. தொடர்ந்த பஞ்சத்தில் ஏறக்குறைய 10 இலட்சம் மக்கள் மாண்டனர். ஏறத்தாழ அதேயளவினர் ஊரை விட்டுக் கப்பலேறினர். அதே நோய் இன்றும் குளிர்ந்த, ஈரமான நாட்களைத் தேடி வருகிறது. இலை ஓரத்தில் நீர் ஊறியதுபோன்ற கரும்பச்சைத் திட்டு, காலையில் அதன் கீழ்ப்புறத்தில் வெண்பூஞ்சணம் ஆகியவை அதன் அடையாளம். பின்வருவனவற்றைக் கவனியுங்கள்:

1. தண்ணீர் தேங்கும் பள்ளக் காணியாயின் பாத்தியை உயர்த்திக் கட்டுங்கள். வலிகாமத்துச் செம்மண்ணில் தண்ணீர் விரைவில் வடியும். வந்த இடத்துக் களிமண்ணில் வடியாது.

2. காலையிலேயே இறையுங்கள். மாலையில் இறைத்த ஈரமும் இரவுப் பனியும் சேரக்கூடாது. தண்ணீர் சாலில் ஓடட்டும், இலையில் பட வேண்டாம்.

3. தக்காளிக்கு அருகில் நடாதீர்கள். இரண்டுக்கும் இதே நோய் வரும்.

4. கிழங்கு வெளியே தெரியாதவாறு மண் அணையுங்கள். இலையிலிருந்து கழுவப்படும் வித்திகள் கிழங்கையும் அழுகச் செய்யும்.

5. நனைந்த செடிகளுக்குள் இறங்கி வேலை செய்யாதீர்கள். நோய் கண்ட செடியைப் பிடுங்கி ஆழப் புதையுங்கள்.

6. அறுவடை நெருங்கும்போது நோய் பரவினால், செடியை அடியோடு வெட்டி அகற்றி, இரண்டு கிழமை கழித்துக் கிண்டுங்கள். உள்ளதையாவது காப்பாற்றலாம்.

போர்டோக் கலவை

1882ஆம் ஆண்டளவில் பிரான்சின் போர்டோப் பகுதியில், வழிப்போக்கர் பறிக்காதிருக்க வீதியோர முந்திரிகைகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தார்கள். அந்தக் கொடிகள் மட்டும் நோயின்றி நிற்பதை மில்லார்தே என்ற தாவரவியல் பேராசிரியர் கண்டார். ஆராய்ந்து 1885இல் கலவையை வெளியிட்டார். இன்றும் இது பயன்படுகிறது.

மயில்துத்தம் 100 கிராமை 5 லீற்றர் நீரில் கரையுங்கள். புதிதாக நீற்றிய சுண்ணாம்பு 100 கிராமை வேறு 5 லீற்றர் நீரில் கரைத்து வடியுங்கள். மண் அல்லது பிளாஸ்ரிக் பாத்திரமே ஏற்றது. இரும்பு வாளி கூடாது. துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் மெதுவாக ஊற்றிக் கலக்குங்கள். தீட்டிய கத்தியைச் சற்று நேரம் அமிழ்த்தி எடுக்கும்போது செம்பு நிறம் படிந்தால், மேலும் சுண்ணாம்பு சேருங்கள். இல்லையேல் இலை எரியும். கலவையை அன்றே பயன்படுத்த வேண்டும்.

இது நோய் வராமல் தடுக்கும், புகுந்த நோயை மாற்றாது. பனி உலர்ந்த பின், இலையின் இரு புறமும் படத் தெளியுங்கள். இளந்தளிருக்கு நீரை இரட்டிப்பாக்குங்கள். வாய், மூக்கு, கைகளை மூடிக்கொள்ளுங்கள். கிணற்றடியில் கலக்க வேண்டாம், பிள்ளைகளுக்கு எட்டவும் விடாதீர்கள். எத்தனை நாட்களுக்கொருமுறை தெளிப்பது, அறுவடைக்கு எவ்வளவு முன் நிறுத்துவது என்பவற்றை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியுங்கள்.

காணி திரும்பும் நாளுக்காக

வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் பல குடும்பங்கள் வெளியேறின. 1995 ஐப்பசி 30ஆந் திகதி வலிகாமமே வெறுமையாகித் தென்மராட்சி நோக்கி நடந்தது. போர் 2009இல் முடிந்த பின் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. இன்னும் காத்திருப்போரும் உளர். காணியில்லாதவர் முந்திரிகை நட்டு என்ன செய்வது என்று எம்மிடம் கேட்பவர்கள் உண்டு.

கத்தரிக்கும் காலத்தில் வெட்டி எறியப்படும் தடிகளைக் கேட்டு வாங்குங்கள். பென்சில் பருமனில், நான்கு கண்களுடன், முற்றிய தடியாக எடுங்கள். இரண்டு கண்கள் மண்ணுக்குள் இருக்கும்படி பையில் ஊன்றி, மேலே சொன்ன தட்டியின் கீழ் வையுங்கள். பையின் அடியில் துவாரம் இருக்கட்டும். வேர் பிடித்த கன்றைப் பெரிய பைக்கு மாற்றினால் அடுத்த மாரியையும் அதிலேயே கழிக்கும். வீடு மாற நேர்ந்தால் கூடவே கொண்டுபோகலாம். காணி கிடைத்த அன்று குழி வெட்டி நட, கன்று கையில் இருக்கும்.