மருவுக்கு இஎம்ஐ போடலாமா? வரதராஜன்பேட்டையில இருந்து ஒரு கேள்வி

போன வாரம் நம்ம சப்ஸ்கிரைபர் ஒருத்தர் கேட்ட கேள்வி இது. சொந்த ஊர் வரதராஜன்பேட்டை, வேலை சென்னையில. உள்ளங்கால்ல நாலஞ்சு மரு. வேளச்சேரி பக்கம் ஒரு ஸ்கின் கிளினிக்ல "லேசர் பேக்கேஜ், நோ காஸ்ட் இஎம்ஐ, திரும்ப வராது"ன்னு சொல்லியிருக்காங்க. "சார், கார்டுல போட்டுடலாமா?"

சிஏ-கிட்ட கேட்கற கேள்வியா இதுன்னு நினைக்காதீங்க. தோல் பிரச்சனைக்குன்னு கார்டு தேய்க்கறதுல பாதி அவசரத்துலயும் கூச்சத்துலயும் நடக்குது. அதனால மருத்துவ விவரத்தையும் கொஞ்சம் படிச்சுட்டுத்தான் எழுதறேன்.

முதல்ல, நாம 'மரு'ன்னு சொல்றது எல்லாம் ஒண்ணு இல்லை. கழுத்துல, அக்குள்ல தொங்கற மெல்லிய சதை வேற. அது தொற்று இல்லை, பெரும்பாலும் அழகு சம்பந்தப்பட்டது மட்டும்தான். கையில, கால்ல சொரசொரன்னு வர்ற பாலுண்ணி, ஹெச்பிவி என்ற வைரஸால வர்றது. இந்த வைரஸ்ல நூத்துக்கும் மேல வகை இருக்கு. சின்னக் கீறல், வெடிப்பு வழியா மேல்தோலுக்குள்ள போயிடும். ஹாஸ்டல் பாத்ரூம்ல வெறுங்காலோட நடக்கறது, நகம் கடிக்கறது, மரு மேல ஓட்டின ரேஸரை வேற இடத்துலயும் ஓட்டறது, இதெல்லாம் பரவ வழி.

உள்ளங்கால் மருவையும் கால் ஆணியையும் குழப்பிக்கறதும் சகஜம். ஆணி நேரா அழுத்தினா வலிக்கும். மரு ரெண்டு பக்கமும் கிள்ளினா அதிகமா வலிக்கும். தோல் ரேகை அது மேல ஓடாது. லேசா சுரண்டினா உள்ள கருப்புப் புள்ளி தெரியும். அது வேர் இல்லைங்க, அடைபட்ட சின்ன ரத்தக் குழாய். "வேரோட பிடுங்கிட்டோம்"னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க.

இப்போ பணத்துக்கு நேரடியா சம்பந்தப்பட்ட விஷயம். நிறைய மரு தானாவே போயிடும். குழந்தைகளுக்கு மூணுல ரெண்டு பங்கு ரெண்டு வருஷத்துக்குள்ள மறைஞ்சுடும்; பெரியவங்களுக்குத் தாமதமாகும். நம்ம பக்கம் வைத்தீஸ்வரன் கோயில்ல உப்பு மிளகு போட்டு, குளத்துல வெல்லம் கரைச்சா மரு உதிரும்னு அம்மாக்கள் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். போயிட்டு வாங்க, தப்பே இல்லை. ஆனா சுண்ணாம்பும் சோடாவும் குழைச்சு வைக்கறது, முந்திரிக் கொட்டை ஓட்டு எண்ணெயைத் தொட்டு வைக்கறது, இந்த ரெண்டும் வேண்டாம். ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் முந்திரிக்காட்டுல வேலை பார்த்தவங்க கையைப் பார்த்திருந்தா அந்த எண்ணெய் தோலை என்ன பண்ணும்னு உங்களுக்கே தெரியும். மரு போகும், புண் நிக்கும்.

சிகிச்சைன்னு வந்தா முதல் படி விலை குறைஞ்சது: சாலிசிலிக் ஆசிட் மருந்து. வெந்நீர்ல காலை ஊற வச்சு, தேய்ச்சு, சுத்தியிருக்கற நல்ல தோலுக்கு வாசலின் தடவிட்டு, மரு மேல மட்டும் போடணும். தினமும், 12 வாரம் வரைக்கும். பொறுமைதான் இதுல செலவு. அடுத்து கிரையோ, அதாவது மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் வச்சு உறைய வைக்கறது. ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை. 2011-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்தது. உள்ளங்கால் மரு இருக்கற 240 பேரை ரெண்டு குழுவாப் பிரிச்சு, ஒரு குழுவுக்கு வீட்டுலயே போட்டுக்கற 50 சதவீத சாலிசிலிக் ஆசிட், இன்னொண்ணுக்கு கிளினிக்ல கிரையோ. 12 வாரம் கழிச்சு முழுசாப் போனது ரெண்டு பக்கமும் 14 சதவீதம்தான். கிரையோவுக்கு செலவு அதிகம், பலன் அதே. இதைப் படிச்சதுக்கு அப்புறம் "திரும்ப வராது"ன்னு உத்தரவாதம் கொடுக்கறவங்களை நான் நம்பறதில்லை. லேசர், கரண்ட் வச்சு எரிக்கறது எல்லாம் பிடிவாதமான மருவுக்கு டாக்டர் முடிவு பண்ற விஷயம். பேக்கேஜ் விக்கற கவுன்சலர் முடிவு பண்ற விஷயம் இல்லை.

நோ காஸ்ட் இஎம்ஐ கணக்கையும் பார்த்துடுவோம். ஒரு உதாரணத்துக்கு 24,000 ரூபாய் பேக்கேஜ், 12 மாசம், மாசம் 2,000, கார்டு வட்டி 15 சதவீதம்னு வச்சுக்குங்க. உண்மையான கடன் சுமார் 22,160. மீதி 1,840 வட்டி. அதை கிளினிக் 'தள்ளுபடி'ன்னு காட்டுது. அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 330 ரூபாய், உங்க தலையில. பிராசஸிங் ஃபீ தனி. ரொக்கமா கொடுக்கறேன்னு சொன்னா அந்த 1,840-ஐக் குறைச்சிருப்பாங்களான்னு கேட்டுப் பாருங்க. ஆறாவது மாசம் மரு திரும்பி வந்தாலும் மிச்சம் ஆறு தவணை கட்டியே ஆகணும்.

பில்லுலயே 18 சதவீத ஜிஎஸ்டி இருந்தா அங்கேயே நிறுத்துங்க. நோய்க்கு டாக்டர் கொடுக்கற சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கு. அழகுக்காகப் பண்ற காஸ்மெட்டிக் சர்ஜரி, முடி மாற்று மாதிரி விஷயத்துக்குத்தான் அந்த விலக்கு இல்லை. வைரஸ் மரு ஒரு நோய். "இதை ஏன் காஸ்மெட்டிக்ல போட்டீங்க?"ன்னு கேளுங்க.

இன்ஷூரன்ஸ்ல கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்காது. சாதாரணமா ஓபி-யில பண்ற சிகிச்சை டே கேர் கணக்குல வராது. கம்பெனி குரூப் பாலிசியில ஓபி கவர் இருக்கான்னு ஹெச்ஆர்-கிட்ட ஒரு மெயில் போடுங்க. 80டி-யும் இதுக்கு உதவாது. பழைய முறையில இருந்தாலும் அங்க 5,000 ரூபாய் முழு உடல் பரிசோதனைக்கு மட்டும்தான். 15,000 மெடிக்கல் பில் சலுகை 2018-லயே போயிடுச்சு. இன்னும் அந்த பில்லைச் சேர்த்து வைக்கறவங்க இருக்காங்க, பாவம்.

ஆனா ஒரு விஷயத்தை நிறைய பேர் மறந்துடறாங்க: இஎஸ்ஐ. சம்பளம் 21,000-க்குள்ள இருந்தா பே ஸ்லிப்ல 0.75 சதவீதம் பிடிச்சிருப்பாங்க. 20,000 சம்பளத்துக்கு மாசம் 150 உங்க பணம், 650 கம்பெனி பணம். இதுல ஓபி சிகிச்சை, மருந்து எல்லாம் அடக்கம், குடும்பத்துக்கும் சேர்த்து. நடுவுல சம்பளம் 21,000-ஐத் தாண்டினாலும் அந்த ஆறு மாச கான்ட்ரிப்யூஷன் காலம் முடியற வரைக்கும் நீங்க உள்ளதான் இருக்கீங்க. டிஸ்பென்சரிக்குப் போய் தோல் டாக்டருக்கு ரெஃபரல் கேளுங்க.

ஊருக்கு வரும்போது பார்த்துக்கலாம்னா இன்னும் நல்லது. 2022 ஜனவரியில திறந்த அரசு மருத்துவக் கல்லூரி அரியலூர்லயே இருக்கு. மருத்துவக் கல்லூரின்னா தோல் நோய் பிரிவு இருக்கும். ஓபி காலையில, சீட்டுக்குக் காசு இல்லை. பெரம்பலூர்ல தனியார் மருத்துவக் கல்லூரி, அந்தப் பக்கம் திருச்சி, இந்தப் பக்கம் புதுச்சேரி ஜிப்மர். லீவு நாள்ல போனா ஓபி இருக்காது, வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டுட்டுப் போங்க. ஒரு நாள் சம்பளப் பிடித்தம் போனாலும் பேக்கேஜ் விலைக்குப் பக்கத்துலயே வராது.

தனியார்னா போர்டுல இருக்கற பட்டத்தைப் படிங்க. எம்.டி. (டிவிஎல்), டிடிவிஎல், தோல் பிரிவுல டிஎன்பி, இதுல ஒண்ணு இருக்கணும். 'காஸ்மெட்டாலஜிஸ்ட்', 'ஸ்கின் எக்ஸ்பர்ட்' எல்லாம் பட்டம் இல்லை. நேஷனல் மெடிக்கல் கமிஷன் இணையதளத்துல பேரைப் போட்டுப் பார்க்க ரெண்டு நிமிஷம் ஆகும். மருந்துக் கடைக்காரர் கொடுக்கற க்ரீமும் பார்லர் ஊசியும் வேண்டாம்.

காசு கணக்கு பார்க்கக் கூடாத இடமும் இருக்கு. முகத்துல, பிறப்புறுப்புல மரு வந்தா வீட்டு மருந்து போடவே கூடாது, நேரா டாக்டர்தான். கூச்சப்படாதீங்க, அவங்களுக்கு அது தினசரி வேலை. நிறம் மாறுது, ரத்தம் வருது, திடீர்னு நிறைய வருது, உள்ளங்கால்ல கருப்பா படர்ந்துட்டே போகுதுன்னா உடனே. சர்க்கரை இருக்கறவங்க காலுக்கு ஆசிட் போடக் கூடாது, அப்பா அம்மாகிட்ட இதைச் சொல்லி வைங்க.

அந்த சப்ஸ்கிரைபருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: கார்டு பர்ஸ்லயே இருக்கட்டும், அட்வான்ஸ் கொடுத்திருந்தா எழுத்துல ரீஃபண்ட் கேளுங்க, அடுத்த வாரம் ஊருக்குப் போகும்போது அரியலூர் ஓபி-யில காட்டுங்க. இஎஸ்ஐ-யில இருக்காரான்னு கேட்டேன். பே ஸ்லிப்பைத் திறந்தே பார்த்ததில்லையாம்.