வண்ணப் பொடிக்கு ஒரு பிடிமானம்

சாஃப்ட் பேஸ்டலில் நிலக்காட்சி வரைய இறக்குமதித் தாள்தான் வேண்டும் என்பதில்லை. ஒரு பலகையும் கொஞ்சம் பளிங்குத் தூளும் போதும். ஆனால் திருவனந்தபுரத்தின் ஈரக் காற்றை மறந்துவிடக் கூடாது.

சங்குமுகம் கடற்கரையில் மாலை நேரம். வானம் நிமிடத்துக்கு ஒரு நிறம் மாறுகிறது. எண்ணெய் வண்ணத்தைக் குழைத்து முடிப்பதற்குள் இருட்டிவிடும். நீர்வண்ணமோ கடற்காற்றின் ஈரத்தில் லேசில் காயாது. இந்த அவசரத்துக்கு ஈடுகொடுக்கக்கூடியது சாஃப்ட் பேஸ்டல்தான். குச்சியை எடுக்க வேண்டியது, தேய்க்க வேண்டியது. தூரிகை வேண்டாம், குழைக்கத் தட்டு வேண்டாம், காயும்வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் சாதாரண வரைதாளில் மூன்றாவது நிறத்தைத் தேய்க்கும்போதே தகராறு தொடங்கிவிடுகிறது. தாள் வழுவழுத்துப்போய், நிறம் பிடிக்காமல் சறுக்குகிறது. அதுவரை போட்ட வானமெல்லாம் பொடியாக மடியில் கொட்டுகிறது.

காரணம் எளிது. பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் ஆயில் பேஸ்டலில் மெழுகும் எண்ணெயும் இருப்பதால் அது எதிலும் அப்பிக்கொள்ளும். சாஃப்ட் பேஸ்டல் அப்படியல்ல. நிறமிப் பொடியும் சுண்ணப் பொடியும் சேர்ந்த கலவை அது. குச்சியாக நிற்பதற்கு வேண்டிய அளவு மட்டும், மிகக் கொஞ்சமாகப் பிசின் சேர்க்கப்படுகிறது. காகிதத்தில் ஒட்டிக்கொள்ள அதனிடம் பசையே இல்லை என்று சொல்லலாம். காகிதத்தின் மேடுபள்ளங்களில் சிக்கிக்கொண்டுதான் அது நிற்கிறது. பள்ளங்கள் நிரம்பிவிட்டால் அடுத்த நிறத்துக்கு இடமில்லை. கொத்து தேய்ந்துபோன அம்மியில் மிளகாய் அரைபடாமல் வழுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அம்மி கொத்துகிறவரை அழைப்பது போலத் தாளுக்கும் யாராவது கொத்து வைத்தாக வேண்டும்.

வெளிநாட்டு நிறுவனங்கள் அதைச் செய்து விற்கின்றன. யூஆர்ட் என்ற அமெரிக்கத் தாள் 240 முதல் 800 வரை பல தரங்களில் வருகிறது. எண் ஏற ஏறச் சொரசொரப்பு குறையும். பிரான்சின் செனலியே நிறுவனம் தாவர நார்த் துகள்களைப் பூசிய அட்டை ஒன்றைத் தயாரிக்கிறது. தொட்டால் வெல்வெட் போல இருக்கும். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் அந்த இடத்தில் பூச்சு கரைந்துவிடும். எந்த நேரமும் மழை வரக்கூடிய ஊரில் அதை வெளியே எடுத்துப்போய் வரைவது சூதாட்டம். விலையும் இறக்குமதிச் செலவும் வேறு இருக்கின்றன. ஒரு தாளின் விலையை நினைத்துக்கொண்டே வரைகிறவர் துணிந்து கோடு போடுவதில்லை. கெட்டுப்போனால் கிழித்துப் போடலாம் என்ற தைரியம் இல்லாமல் கை பழகாது. வீட்டிலேயே தளம் தயாரிப்பதன் உண்மையான லாபம் பணத்தைவிட இந்தத் தைரியம்தான்.

ஹார்டுவேர் கடையின் உப்புத்தாளிலேயே வரைந்தால் என்ன? பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். மெல்லிய உப்புத்தாள் பேஸ்டலை அருமையாகப் பிடிக்கும். ஆனால் அது மரத்தைத் தேய்க்கச் செய்யப்பட்டதே தவிர, ஐம்பது ஆண்டுகள் சுவரில் தொங்குவதற்காக அல்ல. அதன் அடித்தாளும் பசையும் நாளடைவில் பழுத்து, நொறுங்கத் தொடங்கும். கைப்பழக்கத்துக்கு அது சரி. விற்பதற்கோ பரிசளிப்பதற்கோ உதவாது.

தளத்தைத் தாமே தயாரித்துக்கொள்வது ஐரோப்பியர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் பழைய பழக்கம்தான். 18ஆம் நூற்றாண்டில் ழான் எத்தியென் லியோத்தார் பதப்படுத்திய தோலில் பேஸ்டல் வரைந்தார். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில், அட்டையில் வெள்ளை வண்ணம் பூசி, ஈரம் காய்வதற்குள் அதன்மேல் சலித்த பளிங்குத் தூளைத் தூவி, காய்ந்தபின் கரியால் நிலக்காட்சி வரைவது பெரிய பொழுதுபோக்காக இருந்தது. பெண்கள் படித்த பள்ளிகளில் அதற்கு வகுப்பே நடந்தது. நிலவொளியில் ஏரி, பாழடைந்த கோட்டை என்று அவர்கள் வரைந்தவற்றில் பளிங்குத் துகள் மினுங்குவதை இன்றும் அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். இந்தியாவில் பேஸ்டலுக்கு மதிப்புத் தேடித்தந்தவர்களில் முக்கியமானவர் அபனீந்திரநாத் தாகூர். கல்கத்தாவில் ஒலின்டோ கிலார்டி என்ற இத்தாலியரிடம் அவர் இதைக் கற்றுக்கொண்டார்.

திருவனந்தபுரத்துக்கு வேறொரு பாரம்பரியம் உண்டு. பத்மநாபசுவாமி கோயிலிலும், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையிலும் சுவரோவியங்கள் இருக்கின்றன. அவற்றைத் தீட்டியவர்கள் நிறத்தைத் தொடுவதற்கு முன் சுவரோடு வெகுநாள் மல்லுக்கட்டியவர்கள். முதலில் சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த காரை. அதன்மேல் பஞ்சு சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு. அதற்கும் மேலே இளநீரில் கரைத்த சுண்ணாம்பை மெல்லிய பூச்சாக இருபத்தைந்து முப்பது முறை பூச வேண்டும். அதன்பிறகே கோடு. 1970இல் குருவாயூர் கோயிலில் நேர்ந்த தீவிபத்துக்குப் பின் அந்தச் சுவர்களை மீண்டும் எழுதக் கைதேர்ந்தவர்களைத் தேட வேண்டியிருந்தது. 1989இல் குருவாயூர் தேவஸ்வம் சுவரோவியத்துக்கென்றே பயிற்சி நிலையம் தொடங்கியது. இந்தச் சுவர்ப் பக்குவமும் அங்கே பாடமாயிற்று.

சுவரோவியமும் பேஸ்டலும் வேறு வேறு சாதிகள். சுவரில் நிறத்தைப் பிடித்துவைப்பது வேப்பம் பிசின், பேஸ்டலில் வெறும் சொரசொரப்பு. ஆனாலும் படம் நிற்பதும் உதிர்வதும் கீழே இருப்பதைப் பொறுத்தது என்ற கணக்கு இரண்டுக்கும் பொது. மெல்லிய பூச்சுகள் பல போடுவது, ஒவ்வொன்றும் நன்றாக உலர்ந்தபிறகே அடுத்ததைத் தொடுவது என்ற ஒழுங்கும் பொது. பேஸ்டல் பலகையில் இருபத்தைந்து பூச்சு தேவையில்லை. இரண்டு அல்லது மூன்று போதும்.

பலகையாக எதை எடுப்பது? 300 ஜிஎஸ்எம் நீர்வண்ணத் தாள் முதல் எம்.டி.எஃப். பலகைவரை எதுவும் ஆகும். மெல்லிய அட்டையானால் ஈரப் பூச்சு பட்டதும் அப்பளம் போல வளையும். பின்புறமும் ஒரு பூச்சு கொடுத்தால் நிமிர்ந்துவிடும். பூச்சுக்கு அடிப்படை, ஓவியப் பொருள் கடைகளில் கிடைக்கும் அக்ரிலிக் ஜெஸ்ஸோ. ஜெஸ்ஸோ என்பது இத்தாலியச் சொல். பழைய ஐரோப்பிய ஓவியர்கள் விலங்குப் பசையில் சுண்ணத்தைக் குழைத்துச் செய்த பூச்சுக்கு அந்தப் பெயர். 1950களில் அக்ரிலிக் வந்தபிறகு புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியதற்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நாலு பங்கு ஜெஸ்ஸோவுக்கு ஒரு பங்கு தூள் என்று தொடங்கலாம். தோசை மாவுப் பதத்துக்கும் கொஞ்சம் தளர்வாகத் தண்ணீர் விட்டுக் கலக்க வேண்டும். தண்ணீர் மிகுந்தால் பூச்சின் பிடிப்பு குறையும். தூள் மிகுந்தால் அது உதிரும், போதாக்குறைக்குக் குச்சியையும் அரைத்துத் தின்னும். சாஃப்ட் பேஸ்டல் குச்சி விற்கும் விலைக்கு அது கட்டுப்படியாகாது.

எந்தத் தூள் என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. குதிகால் தேய்க்கும் நுரைக்கல்லின் தூள் கடினமானது, துகளுக்குக் கூர் அதிகம். நிறத்தை அடுக்கடுக்காகப் போடுகிறவர்களுக்கு அது பிடிக்கும். பளிங்குத் தூள் மிருதுவானது. விரலால் தேய்த்து மங்கலாக்கும் வானத்துக்கும் தூரத்து மலைக்கும் ஏற்றது. நுரைக்கல் தளத்தில் விரலால் தேய்த்தால் விரல்நுனித் தோல்தான் போகும். கரமனையிலும் கோட்டைப் பகுதியிலும் அக்ரகாரத்து வாசல்களில் தினமும் விழும் கோலமாவு ஆகுமா என்ற கேள்வி இயல்பாகவே எழும். ஆகும், ஆகாது இரண்டும் உண்டு. கோலமாவு என்ற பெயரில் பல கற்களின் தூள் விற்கிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்துத் தேய்த்தால் நறநறவென்றால் எடுத்துக்கொள்ளலாம். சோப்பு போல வழுக்கினால் அது மாக்கல், கோலத்தோடு நிற்கட்டும். எதுவானாலும் மெல்லிய துணியில் சலிக்காமல் பயன்படுத்தக் கூடாது. ஒரே ஒரு பெரிய துகள் போதும், வானத்தின் நடுவே கீறல் விழ. பக்கத்திலேயே கடல் இருக்கிறது என்று கடற்கரை மணலை அள்ளிவருவது மட்டும் வேண்டாம். அதில் ஒட்டியிருக்கும் உப்பு காற்றின் ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும்.

சொரசொரப்புக்கு இன்னொரு உபயோகம் உண்டு. நிலக்காட்சி ஓவியர்கள் விரும்பிச் செய்வது இதைத்தான். கலவையை முரட்டுத் தூரிகையால் பூசினால் அதன் மயிர்த் தடங்கள் காய்ந்தபின்னும் நிற்கும். வெள்ளாயணி ஏரிக்குக் குறுக்குவாட்டில் இழுத்த தடங்கள் தண்ணீரின் அசைவாக மாறும். தென்னந்தோப்புக்கு மேலும் கீழுமாக இழுத்தவை மரப்பட்டையாகும். பேஸ்டல் குச்சியைப் படுக்கவைத்து லேசாக ஒரு முறை இழுத்தால் மேடுகளில் மட்டும் நிறம் பிடிக்கும். பள்ளங்களில் அடிநிறம் எட்டிப்பார்க்கும். தனித்தனியாக நூறு புல் வரைவதைவிட இது உயிருள்ள புல். வழுவழுப்பான தளம் வேண்டுமானால் ஸ்பாஞ்ச் ரோலரால் பூசலாம். ஒரே பலகையில் மேற்பாதி ரோலர், கீழ்ப்பாதி தூரிகை என்று வானத்தையும் தரையையும் பிரித்துவைப்பதும் உண்டு.

அடிநிறம் என்ன என்பது கேரளத்தில் சாதாரண விஷயமல்ல. இங்கே கண்ணுக்கு எட்டியவரை பச்சை. வெள்ளைத் தளத்தில் பச்சைக்கு மேல் பச்சை போட்டால் படம் காய்கறிக்கடை போலாகிவிடும். ஜெஸ்ஸோவிலேயே கொஞ்சம் செங்காவி நிற அக்ரிலிக்கைக் கலந்துவிட்டால் இலைகளின் இடைவெளிகளில் சிவப்பு மினுக்கும், பச்சை உயிர்பெறும். வர்க்கலையின் செம்பாறைக் குன்றைப் பார்த்தவர்களுக்கு இது ஓவியத் தந்திரமாகவே படாது. இங்கே பச்சைக்கு அடியில் இருப்பது செம்மண்தான். சுவரோவியக்காரர்களின் சிவப்பும் மஞ்சளும் இதே செம்புரைக் கல்லிலிருந்து வந்தவை. கல்லை இடித்துத் தண்ணீரில் கரைத்து, தெளியவைத்து, மேலே நிற்கும் மென்மையான பொடியை அவர்கள் நிறத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அடியில் தங்கும் நறுவலைக் கழுவி உலர்த்திச் சலித்தால் பேஸ்டல்காரருக்கு நிறமும் சொரசொரப்பும் சேர்ந்தே கிடைக்கும்.

இனி எதிரியைப் பற்றி. திருவனந்தபுரத்துக்கு இடவப்பாதி ஒரு மழை, துலாவர்ஷம் இன்னொரு மழை. இரண்டுக்கும் நடுவிலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. மலிவுக்கு ஆசைப்பட்டு ஜெஸ்ஸோவுக்குப் பதில் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையில் தூளைக் கலக்கிறவர்கள் உண்டு. கோடையில் பலகை நன்றாகத்தான் இருக்கும். மழைக்காலத்தில் அந்தப் பசை மீண்டும் இளகும். மைதாப் பசை இன்னும் மோசம், பூச்சிக்கும் பூஞ்சைக்கும் விருந்து. துணி ஒட்டிய பலகை விரும்புகிறவர்கள் பாலராமபுரத்துக் கைத்தறியை வாங்கினாலும் கஞ்சி போகும்வரை அலசிவிட்டு, அக்ரிலிக் பசையில்தான் ஒட்ட வேண்டும். கோடையில் சில மணி நேரத்தில் உலரும் பூச்சுக்கு மழை மாதத்தில் ஒரு முழு நாள் விடுவது நல்லது. மேலே தொட்டால் உலர்ந்தது போலிருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அவசரப்பட்டுக் கண்ணாடி போட்டுவிட்டால் மூன்று மாதத்தில் வானத்தில் கரும்புள்ளிகள் தோன்றும். அது மழைமேகமல்ல, பூஞ்சை.

ஈரத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள் தூசியைப் பற்றி அவ்வளவு கவலைப்படுவதில்லை. அது தவறு. கல்தூள் எதுவானாலும் நுரையீரலுக்கு ஆகாது. அதில் சிலிக்கா இருந்தால் ஆபத்து அதிகம். தூளைச் சலிக்கும்போதும் பூச்சை உப்புத்தாளால் தேய்க்கும்போதும் நல்ல முகக்கவசம் வேண்டும். மின்விசிறி ஓடக் கூடாது. பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. தேய்ப்பதையே ஈர உப்புத்தாளால் செய்தால் தூசி கிளம்பாது. வரையும்போது உதிரும் பேஸ்டல் பொடியை ஊதித்தள்ளுவது பலருக்குக் கைவந்த பழக்கம். சில நிறமிகள் நஞ்சு என்பதை நினைவில் வைத்து அதை விட்டுவிட வேண்டும். பலகையைச் சற்று முன்பக்கம் சாய்த்து வைத்தால் பொடி தானாகவே கீழே விழும். ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம்.

முடித்த படத்தின்மேல் ஃபிக்சேட்டிவ் தெளிப்பது பற்றி ஓவியர்களிடையே சண்டை ஓயாது. தெளித்தால் பொடி ஒட்டிக்கொள்ளும். ஆனால் வெளிர் நிறங்கள் இருண்டுவிடும். பேஸ்டலின் மெத்தென்ற ஒளியே போய்விடும் என்பது எதிர்க்கட்சி. தளம் நன்றாக அமைந்துவிட்டால் இந்தச் சண்டைக்கே பெரும்பாலும் வேலை இல்லை. பலகையை நிமிர்த்தி, பின்னாலிருந்து இரண்டு தட்டுத் தட்டினால் உதிர வேண்டியது உதிர்ந்துவிடும். மீதி நிற்கும். பிறகு கண்ணாடிச் சட்டம். படத்தில் கண்ணாடி படாதபடி நடுவே இடைவெளி விட வேண்டும். கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தகடு கூடாது. துடைத்ததும் அதில் ஏறும் மின்னூட்டம் பொடியைத் தன்பக்கம் இழுத்துவிடும். சட்டத்தின் பின்புற மூலைகளில் சின்ன ரப்பர் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று போய்வரும். மழைக்காலத்தில் ஓதம் இறங்கும் வெளிச்சுவரில் மாட்டாமல் இருப்பது அதைவிட முக்கியம்.

பெரிய பலகையில் இறங்குவதற்கு முன் உள்ளங்கை அளவு துண்டுகள் ஐந்தாறு செய்து, தூளின் அளவை மாற்றி மாற்றிப் பூசிப்பார்க்கிறவர்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஒவ்வொரு துண்டின் பின்னாலும் என்ன தூள், எத்தனை ஸ்பூன், எத்தனை பூச்சு, எந்த மாதம் என்று பென்சிலால் எழுதிவைக்க வேண்டும். மார்ச்சில் சரியாக வந்த கலவை ஜூலையில் வராது.