செங்கல் பறந்த கதை

பொக்கிஷத்தைத் திறந்துவிட்டால் ஆகாய விமானம் தானே அபிவிருத்தியாகும் என்போர் அமெரிக்காவின் கதையைக் கேட்க வேண்டும்.

1926 முதல் அந்நாட்டுச் சர்க்கார், தபாலின் எடையைப் பார்த்து விமானக் கம்பெனிகளுக்குக் கூலி கொடுத்தது. தபால் கட்டணத்தைவிடக் கூலி அதிகமாகிவிட்டது. வியாபாரிகள் விடுவார்களா? செங்கல்லைப் பார்சல் கட்டித் தங்களுக்கே அனுப்பிக்கொண்டார்களாம்!

தபால் இலாகாத் தலைவர் வால்ட்டர் பிரவுன் 1930-ல் சட்டத்தை மாற்றுவித்தார். இனி எடைக்கன்று, தபாலுக்கு ஒதுக்கும் இடத்துக்கே கூலி. மைலுக்கு ஒன்றேகால் டாலர் வரை. பல யந்திரங்களும் ரேடியோவும் உள்ள விமானத்துக்கு அதிகப்படி உண்டு. கம்பெனிகள் பெரிய விமானங்களை நாடின. மிச்ச இடத்தில் பிரயாணிகளை ஏற்றின. 1933-ல் போயிங் 247, மறு வருஷம் டக்ளஸ் டி.சி.2 பறந்தன.

யுக்தி நல்லதென்றே நாம் சொல்லுவோம். பங்கீடுதான் கோணல். வாஷிங்டன் ஆலோசனையில் பெரிய கம்பெனிகளுக்கே ஆசனம். குறைந்த தொகை கேட்ட சிறிய கம்பெனிக்கு வாசற்படி. செனட் விசாரணையில் இது வெளிப்பட்டது. 1934 பிப்ரவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒப்பந்தங்களை ரத்து செய்து, தபாலை இராணுவத்தாரிடம் ஒப்படைத்தார். கடுங்குளிர், இருள், போதிய கருவிகளில்லை. சில மாதங்களில் பத்துக்கு மேற்பட்ட விமானப் படையினர் மாண்டனர்.

பிறகு தபால் கம்பெனிகளிடமே திரும்பிற்று. அவற்றுட் சில, பெயரை மாத்திரம் சிறிது மாற்றிக்கொண்டு வந்திருந்தன.