வாடகை வீடு பார்க்கிறீர்களா? புகையையும் கவனியுங்கள்!

வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் நாம் என்னென்ன கேட்கிறோம்? நல்ல தண்ணீர் வருமா, கரன்ட்டுக்குத் தனி மீட்டரா, அட்வான்ஸ் எத்தனை மாதம் என்று ஆயிரம் கேள்வி. 'இந்தக் காம்பவுண்டுக்குள் யாராவது சிகரெட், பீடி பிடிப்பாங்களா?' என்று மட்டும் கேட்பதில்லை. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியதே இதுதான்.

புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 70, புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. பிடிப்பவரை மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவரையும் இந்தப் புகை பாதிக்கும். குழந்தைகளுக்கு வீசிங், நிமோனியா, காது நோய் வரலாம். கர்ப்பிணிகளுக்குக் குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். 'ஜன்னலைத் திறந்து வச்சுட்டுத்தானே பிடிக்கிறேன், ஃபேன் வேற ஓடுதே' என்று வீட்டு ஆண்கள் சமாதானம் சொல்வார்கள். ஜன்னலும் ஃபேனும் புகையை முழுசாக வெளியேற்றாது. 'இவ்வளவு புகை வரை ஆபத்தில்லை' என்று ஓர் அளவே கிடையாது என்கிறது, அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 2006-ல் வெளியிட்ட அறிக்கை.

ஆள் காலி செய்து போனாலும் புகை காலியாவதில்லை. சுவரிலும், தரையிலும், அலமாரியிலும் படிந்துவிடுகிறது. கலிபோர்னியாவில், புகைப்பவர்கள் காலி செய்த வீடுகளை ஆராய்ந்தார்கள். சுத்தம் செய்து, இரண்டு மாதம் ஆளில்லாமல் கிடந்த பிறகும் அங்கே நிகோடின் இருந்ததாம். தவழும் பிள்ளை தரையைத் தொட்ட கையைத்தானே வாயில் வைக்கும்?

நம் நாட்டில் பொது இடங்களில் புகைபிடிப்பதற்கு எதிரான கடுமையான விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் அமலில் இருக்கின்றன. ஆனால், வீட்டுக்குள் அந்தச் சட்டம் எட்டிப் பார்க்காது. அமெரிக்காவில் அரசு வாடகைக் குடியிருப்புகளில், 2018 ஜூலை முடிவிலிருந்து வீட்டுக்குள் மட்டுமல்ல, கட்டடத்தைச் சுற்றி 25 அடி வரை புகைக்கத் தடை. இங்கே நாமே பேசி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியதுதான்.

எங்கள் காம்பவுண்டில் நான்கு குடித்தனம். கீழ் போர்ஷன்காரர் மாடிப்படியில் நின்று பிடிக்கும் சிகரெட் புகை, நேராக எங்கள் படுக்கையறைக்கு வரும். என் சின்னவளுக்கு வீசிங். பல ராத்திரி நெபுலைசரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். சண்டை போட்டால் முகம் பார்க்க முடியாமல் போய்விடுமே என்று, நாங்கள் பெண்கள் நாலு பேரும் (அவர் மனைவியும் சேர்த்துத்தான்) ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் போய்ச் சொன்னோம். அவர், 'காம்பவுண்டுக்குள் யாரும் புகைபிடிக்கக் கூடாது' என்று எல்லோருடைய அக்ரிமென்டிலும் ஒரு வரி சேர்த்துவிட்டார். எல்லோருக்கும் ஒரே விதி என்பதால் யாருக்கும் வருத்தமில்லை. அவர் பழக்கத்தை விடவில்லை. கேட்டுக்கு வெளியே போய்த்தான் பிடிக்கிறார். 'ராத்திரி இறங்கிப் போகச் சோம்பல்பட்டே ரெண்டு மூணு குறைஞ்சிருக்கு அக்கா' என்கிறார் அவர் மனைவி. என் மகளும் முன்னைவிட நிம்மதியாகத் தூங்குகிறாள்.

வீட்டு உரிமையாளர்களுக்கும் இது லாபம்தான். சுவர் பழுப்பேறாது. அலமாரியில் நாற்றம் இருக்காது. அணைக்காமல் போட்ட துண்டால் தீப்பிடிக்கும் பயமும் இல்லை.

சொந்த வீட்டுக்காரர்களும் இதைச் செய்யலாம். ஹாலில் இருக்கும் ஆஷ்ட்ரேயை முதலில் எடுத்துவிடுங்கள். விருந்தாளி பாக்கெட்டை எடுத்தால், 'அண்ணா, வீட்டில் குழந்தை இருக்கு, கொஞ்சம் வெளியே போய்...' என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வாடகைக்கு இருப்பவர்கள், அடுத்த முறை அக்ரிமென்ட் புதுப்பிக்கும்போது அந்த ஒரு வரியையும் எழுதச் சொல்லிக் கேளுங்களேன்!

— ஒரு வாசகி, திருச்சி.