காவிரி மேடையேறும் முன்னே

மேட்டூரில் மதகு திறக்கும் தேதி ஜூன் 12. (அணையில் தண்ணீர் இருந்தால்!) பூத்தூவுவதெல்லாம் டிவியில் வந்துவிடும். டிவியில் வராத கூத்து அடுத்த மூன்று நாள் ஆற்றுக்குள் நடக்கிறது. வாருங்கள், திரைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்போம்!

முதல் தண்ணீரைக் கிட்டத்தில் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். கதாநாயகி நுங்கும் நுரையுமாகப் பாய்ந்து வருவாள் என்று காத்திருப்போம். சருகும் அழுக்கு நுரையும் பிளாஸ்டிக் பாட்டிலும் முன்னே வர, அம்மணி பின்னால் மெல்ல ஊர்ந்து வருவார். காய்ந்த மணல் முதலில் தன் பங்கைக் குடிக்கிறது. உள்ளே அடைபட்ட காற்று குபுகுபுவென்று குமிழியாகக் கிளம்புகிறது. மணல் அள்ளிய பள்ளம் இருந்தால் போச்சு, அது நிரம்பினால்தான் அடுத்த அடி!

குளித்தலை, முசிறி பக்கம் கரைக்குக் கரை ஒரு கிலோமீட்டருக்கு மேல்; பெயரே அகண்ட காவிரி. முக்கொம்பு வந்ததும்தான் குட்டு வெளிப்படுகிறது: அம்மணிக்குத் தஞ்சாவூர் போக இஷ்டமே இல்லை! பக்கத்திலேயே பிரியும் கிளை, கொள்ளிடம். படுகை தாழ்வு, சரிவு அதிகம், கடலுக்குக் குறுக்கு வழி. எந்த ஆறுதான் விடும்? 1800-களின் தொடக்கத்தில் தண்ணீர் கொள்ளிடத்தில் நழுவ, காவிரி வாயில் மணல் மேடிட்டு, டெல்டா வயல் தவித்தது. 1836-ல் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்துக்குக் குறுக்கே மேலணை கட்டி ஆற்றை இந்தப் பக்கம் திருப்பினார். அதற்கப்புறம் காவிரியில் தண்ணீர் கூடி, படுகையை அரிக்க ஆரம்பித்தது தனிக் கதை. கொள்ளிடம் அடங்கிவிட்டது என்று நினைத்தீர்களா? 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அந்த மேலணையின் 9 ஷட்டர்களை அடித்துக்கொண்டு போனதே!

ஸ்ரீரங்கத்தைச் சுற்றி வந்ததும் காவிரியும் கொள்ளிடமும் மறுபடி நெருங்கிப் பார்க்கின்றன. தப்பிக்க அது கடைசி வாய்ப்பு. அந்த இடம் பார்த்துத்தான் கரிகாலன் கல்லணையைப் போட்டான். மணலில் பாறை புதையப் புதைய மேலே பாறை, இடையில் களிமண். காட்டனே அசந்துபோய், அந்த உத்தியைக் கோதாவரிக்குக் கொண்டு போனார்.

கல்லணையில் நெல்லும் பூவும் தூவி ஷட்டரைத் தூக்கினால் காவிரி, வெண்ணாறு, 1934-ல் வந்த கல்லணைக் கால்வாய் என்று பங்கு பிரிகிறது. கொள்ளிடத்துக்கு மிச்சம்தான். அப்புறம் குடமுருட்டி, அரசலாறு என்று பிரித்துக் கொடுத்துக் கொடுத்து, அகண்ட காவிரி பூம்புகாரில் வாய்க்கால் அகலத்துக்கு இளைத்துவிடுகிறது. பல ஆறுகள் கடலை நெருங்க நெருங்கப் பெருக்கும். இங்கே எல்லாம் தலைகீழ்!

இதற்குள் கடைமடையில் போன் அலற ஆரம்பித்திருக்கும்.

“மாமா, தண்ணி எங்க வந்திருக்கு?”

“இப்பத்தான் திருவையாறு தாண்டுது மாப்ள. நீங்க முதல்ல வாய்க்கால்ல கெடக்குற ஆகாயத்தாமரையை அள்ளுங்க!”